தன் மூச்சையே சோதனைக்கு வைத்த டாக்டர் ரோஜர் அல்ட்டூனியன்

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கிளினிக்கில் பெரும்பாலும் இரண்டு வகை மருந்து கொடுப்பார்கள். ஒன்று, இழுப்பு வந்ததும் எடுத்துக்கொள்வது. இன்னொன்று, இழுப்பு வராமல் இருக்க நாள்தோறும் எடுத்துக்கொள்வது. முதல் மருந்தை யாரும் மறப்பதில்லை. இரண்டாவதுதான் பல வீடுகளில் அலமாரி மூலையில் கிடக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். பழகிவிட்டால் விட முடியாது என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துவார்கள்.

இழுப்பு வந்த பிறகு தணிப்பதைவிட, வருவதற்கு முன்பே தடுப்பதுதான் சரியான வழி என்று நம்பி, அதற்காகத் தன் நுரையீரலையே ஆய்வுக்கூடமாக்கிய ஒரு மருத்துவர் இருந்தார். அவர் பெயர் ரோஜர் அல்ட்டூனியன். அவரும் ஓர் ஆஸ்துமா நோயாளிதான். இன்று உலகெங்கும் பயன்படும் தூள் மருந்து இன்ஹேலர்களின் முன்னோடிகளில் ஒன்று அவருடைய முயற்சியில் உருவானது.

ஆங்கிலச் சிறுவர் இலக்கியம் படித்தவர்கள் அவரை வேறு வகையில் அறிந்திருப்பார்கள். மருத்துவராவதற்கு வெகு காலத்திற்கு முன்பே, ஒரு புகழ்பெற்ற கதைப் புத்தகத்தில் இடம்பெற்ற சிறுவன் அவர்.

மருத்துவமனைக் குடும்பம்

ரோஜர் 1922-ஆம் ஆண்டு பிறந்தார். சிரியா நாட்டின் பழம்பெரும் நகரமான அலெப்போவில் வளர்ந்தார். அவருடைய தந்தைவழித் தாத்தா ஆராம் அல்ட்டூனியன், ஆர்மீனிய இனத்தைச் சேர்ந்த பெயர்பெற்ற மருத்துவர். அலெப்போவில் சொந்தமாக மருத்துவமனை நிறுவி நடத்தியவர். தந்தை எர்னெஸ்ட் அல்ட்டூனியனும் அதே மருத்துவமனையில் பணிபுரிந்த அறுவை மருத்துவர். கவிதை எழுதும் பழக்கமும் அவருக்கு உண்டு.

தாயார் டோரா ஆங்கிலேயப் பெண்மணி. டோராவின் தந்தை கோலிங்வுட் ஓவியர், எழுத்தாளர். அறிஞர் ஜான் ரஸ்கினிடம் செயலாளராகப் பணியாற்றியவர். அவர்களுடைய வீடு இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகள் நிறைந்த பகுதியில், கோனிஸ்டன் ஏரிக்கரையில் இருந்தது.

எர்னெஸ்ட், டோரா தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள். நால்வர் பெண்கள். ரோஜர் ஒருவரே ஆண் பிள்ளை.

1928-ஆம் ஆண்டு கோடையில் குடும்பத்தார் அலெப்போவிலிருந்து தாய்வழித் தாத்தாவின் ஊருக்கு வந்திருந்தார்கள். கோலிங்வுட் குடும்பத்தின் நெடுநாள் நண்பரான எழுத்தாளர் ஆர்தர் ரான்சம் அந்தப் பிள்ளைகளோடு நெருங்கிப் பழகினார். பாய்மரப் படகுகள் வாங்கப்பட்டன. பிள்ளைகள் ஏரியில் படகு விடக் கற்றுக்கொண்டார்கள். அப்போது ரோஜருக்கு வயது ஐந்து.

பிள்ளைகள் ஊர் திரும்பும் முன் ரான்சமுக்குத் துருக்கிச் செருப்பு ஒரு ஜோடியைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்கள். அதற்குக் கைம்மாறாக அவர் ஒரு கதை எழுதத் தொடங்கினார். 1930-இல் வெளிவந்த ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ என்ற அந்தப் புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது. கதையில் வரும் பிள்ளைகளுக்கு சூசன், டிட்டி, ரோஜர் என்று உண்மைப் பிள்ளைகளின் பெயர்களையே ரான்சம் வைத்தார்.

கதையின் தொடக்கத்தில் சிறுவன் ரோஜர், எதிர்க்காற்றில் செல்லும் பாய்மரப் படகாகத் தன்னை நினைத்துக்கொண்டு, மேட்டு நிலத்தில் வளைந்து வளைந்து ஓடி வருகிறான். அந்தச் சிறுவனுக்குப் பெயர் தந்தவர் பின்னாளில் மூச்சுக்காகவே போராட வேண்டி வந்தது.

விமானப் பயிற்சியாளர்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரோஜர் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். விமானம் ஓட்டக் கற்று, பிறகு மற்ற விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளராகப் பணியாற்றினார். விமானத்தின் முன்புறம் சுழலும் புரொப்பெல்லர் என்னும் விசிறி, காற்றோடு எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குக் கைவந்த பாடமாக இருந்தது. இந்த அறிவு பின்னர் மருத்துவத் துறையில் பயன்படும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் மருத்துவப் படிப்பை முடித்தவர், அலெப்போவுக்குத் திரும்பிக் குடும்ப மருத்துவமனையில் வேலை பார்த்தார். தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறை அந்த ஒரே மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தது.

1950-களின் நடுவில் மத்திய கிழக்கு வட்டாரத்தின் அரசியல் நிலவரம் மாறியது. ஆங்கிலத் தொடர்புள்ள குடும்பங்கள் சிரியாவில் தொடர்ந்து வாழ்வது கடினமானது. ரோஜர் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அங்கே செஷயர் மாவட்டத்தில், ஹோம்ஸ் சேப்பல் என்ற சிற்றூரில் இருந்த பெங்கர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அது பைசன்ஸ் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்தது.

ஒரு காட்டுச் செடியின் விதை

மத்திய கிழக்கு நாடுகளில் கெல்லா என்ற செடி வளர்கிறது. கொத்தமல்லி, சீரகம் போன்றவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. எகிப்தில் இதன் விதையைக் கஷாயமாக்கி, சிறுநீரகக் கல் வலிக்குக் குடிப்பது பழைய வழக்கம். விதையில் உள்ள கெல்லின் என்ற பொருள், இறுகிய தசையைத் தளர்த்தும் தன்மை கொண்டது.

ஆஸ்துமாவில் நடப்பதும் ஒருவகை இறுக்கம்தான். நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களைச் சுற்றித் தசை உண்டு. தூசி, பூந்தாது, விலங்கின் முடி போன்ற ஒத்துக்கொள்ளாத பொருள் உள்ளே போனால், குழாயின் சுவரில் உள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்குகிறது. சளி கட்டுகிறது. குழாய் குறுகிவிடுவதால், உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுகிறது. இழுப்பின்போது கேட்கும் விசில் போன்ற ஒலி, அந்தக் குறுகிய குழாய் வழியே காற்று வரும் ஒலிதான்.

கெல்லின் பொருளை வாய்வழியே கொடுத்தால் குமட்டல் முதலிய தொல்லைகள் வந்தன. அதனால் பெங்கர் ஆய்வுக்கூடத்தின் வேதியியலாளர்கள் அதன் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் புதிய சேர்மங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் எது ஆஸ்துமாவுக்குப் பயன்படும் என்று கண்டறியும் பணியில் ரோஜர் இறங்கினார்.

கினிப்பன்றிக்குப் பதிலாக மனிதர்

அக்காலத்தில் ஆஸ்துமா மருந்துகளைப் பெரும்பாலும் கினிப்பன்றிகளிடம்தான் சோதித்தார்கள். கினிப்பன்றியின் மூச்சுக்குழாயை மருந்து விரிவடையச் செய்தால், அது மனிதருக்கும் உதவும் என்று கருதினார்கள். ரோஜருக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. மனிதருக்கு வரும் ஆஸ்துமாவை மனிதரிடம்தான் ஆராய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அவருக்குக் கினிப்பன்றியின் முடியும் தோல் துகளும் ஒத்துக்கொள்வதில்லை. அவை மூச்சில் கலந்தாலே இழுப்பு வந்துவிடும். இதையே அவர் ஆய்வு முறையாக மாற்றினார். கினிப்பன்றியின் முடியை ஊறவைத்துச் சாறு எடுத்து, நுண்ணிய துளிகளாக்கி, மூச்சில் உள்ளிழுப்பார். சில நிமிடங்களில் இழுப்பு தொடங்கும். ஒரு வினாடியில் எவ்வளவு காற்றைத் தன்னால் ஊதி வெளியேற்ற முடிகிறது என்று கருவி வைத்து அளந்து குறித்துக்கொள்வார்.

வேறொரு நாளில், புதிய சேர்மம் ஒன்றை முதலில் உள்ளிழுத்துவிட்டு, அதன் பிறகு கினிப்பன்றிச் சாற்றை உள்ளிழுப்பார். மீண்டும் அளப்பார். மூச்சு முன்போலவே குறைந்தால் அந்தச் சேர்மத்தால் பயனில்லை. குறைவு சிறிதாக இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

இப்படி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் ஆய்வு செய்தார். சுமார் 200 சேர்மங்கள் அவர் மூச்சு வழியே சோதிக்கப்பட்டன. ஒவ்வொரு சோதனைக்கும் அவர் வேண்டுமென்றே ஓர் இழுப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இழுப்பு வந்து இரவெல்லாம் உட்கார்ந்தே விடிய வைத்தவர்களுக்கும், அப்படித் தவிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மார்களுக்கும் இதன் பொருள் சொல்லாமலே புரியும். அந்தத் திணறலை ஒருவர் ஆண்டுக்கணக்கில் தாமாகவே வரவழைத்துக்கொண்டார்.

இன்றைய மருத்துவ விதிமுறைகள் இப்படிப்பட்ட சோதனையை அனுமதிப்பதில்லை. ஆஸ்துமா தாக்குதல் உயிரையே பறிக்கக்கூடியது. இதை அறிந்தேதான் அவர் அந்த ஆபத்தை ஏற்றார். யாரும் வீட்டில் இப்படிச் செய்து பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்தச் சொன்னார்கள், அவர் நிறுத்தவில்லை

ஆய்வின் தொடக்கத்திலேயே ரோஜர் ஒரு புதுமையைக் கவனித்தார். சில சேர்மங்கள் இழுப்பு வந்த பிறகு எடுத்தால் ஒன்றும் செய்யவில்லை. மூச்சுக்குழாயை அவை விரிவடையச் செய்யவே இல்லை. ஆனால் முன்கூட்டியே எடுத்துக்கொண்டால், பிறகு வரும் இழுப்பின் வேகம் குறைந்தது.

அந்நாளில் ஆஸ்துமா மருந்து என்றாலே மூச்சுக்குழாயை விரிப்பது என்றுதான் பொருள். விரிக்காத ஒன்றை மருந்தாக ஏற்பதற்குப் பலர் தயாராக இல்லை. விலங்குச் சோதனைகளிலும் அது சரியாகத் தெரியவில்லை. ஒரே ஒரு மனிதரின் நுரையீரல் தந்த கணக்கை மட்டும் நம்பிப் பணம் செலவிட நிர்வாகமும் தயங்கியது. ஒரு கட்டத்தில் ஆஸ்துமா ஆய்வைக் கைவிடும்படி சொல்லப்பட்டது.

ரோஜர் கைவிடவில்லை. அவருடைய கருத்தில் நம்பிக்கை வைத்த வேதியியலாளர்கள் சிலர், சத்தமில்லாமல் புதிய சேர்மங்களைத் தயாரித்துக் கொடுத்தார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு அவர் தம்மீதே சோதனையைத் தொடர்ந்தார்.

1965-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சேர்மம் அவர் கைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் அதற்கு எஃப்.பி.எல். 670 என்று பெயர். அதை உள்ளிழுத்த பிறகு கினிப்பன்றிச் சாற்றை இழுத்தபோது அவருக்கு நல்ல பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பாதுகாப்பு பல மணி நேரம் நீடித்தது. அதுதான் சோடியம் குரோமோகிளைக்கேட். மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள அணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை வெளிவிடாமல் தடுப்பதே அதன் முக்கிய வேலை என்று பின்னர் விளக்கினார்கள்.

1967-இல் டாக்டர் ஹோவெல் என்பவருடன் சேர்ந்து, ஆஸ்துமா நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவை ‘லான்செட்’ மருத்துவ இதழில் ரோஜர் வெளியிட்டார். பிறகு ‘இன்டால்’ என்ற பெயரில் மருந்து விற்பனைக்கு வந்தது. 1973-இல் அமெரிக்காவும் அதற்கு அனுமதி வழங்கியது.

மருந்து இருக்கிறது, நுரையீரலுக்கு எப்படிப் போவது?

மருந்தைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. இந்த மருந்தை விழுங்கினால் குடலிலிருந்து மிகச் சிறிதளவே உடலில் சேரும். மாத்திரையாகக் கொடுத்து ஆஸ்துமாவைத் தடுக்க முடியாது. மூச்சுக்குழாய்க்கே நேராகப் போக வேண்டும். அதற்கான கருவி வேண்டும்.

1956-லேயே அழுத்த வாயு நிரப்பிய கைக்கடக்கமான இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல். அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சற்று முன்பின் ஆனால் மருந்து தொண்டையில் படிந்துவிடும். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இது இன்றும் தடுமாற்றமாகவே இருக்கிறது. மேலும், குரோமோகிளைக்கேட் மருந்தின் அளவும் அதிகம். ஒரு வேளைக்கு 20 மில்லிகிராம் தேவைப்பட்டது.

தூளாகவே உள்ளிழுக்கலாம் என்றால் வேறு தொல்லை. தூள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் சிறிய மூச்சுக்குழாய்கள்வரை போகும். பெரிதாக இருந்தால் வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். ஆனால் அவ்வளவு நுண்ணிய தூள், ஈரம் பட்ட மாவுபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதனால் மருந்துத் தூளோடு சற்றுப் பெரிய பால்சர்க்கரைத் துகள்களைக் கலந்து, ஒரு சிறிய காப்ஸ்யூலுக்குள் அடைத்தார்கள்.

அந்தக் காப்ஸ்யூலை வைப்பதற்காக உருவானதுதான் ‘ஸ்பின்ஹேலர்’. குழல் போன்ற அந்தக் கருவியின் உள்ளே குட்டி விசிறி ஒன்று இருக்கும். காப்ஸ்யூலை விசிறியின் நடுவில் பொருத்த வேண்டும். வெளியுறையை ஒருமுறை நகர்த்தினால், உள்ளிருக்கும் ஊசிகள் காப்ஸ்யூலில் துளையிடும். பிறகு வாயில் வைத்து ஆழமாக இழுத்தால், அந்த மூச்சின் வேகத்திலேயே விசிறி சுழலும். காப்ஸ்யூல் அதிர்ந்து, துளை வழியாகத் தூள் சிதறி, மூச்சோடு கலந்து உள்ளே போகும்.

இதற்கு அழுத்த வாயு வேண்டாம், பேட்டரி வேண்டாம். விரலும் மூச்சும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை. நோயாளி மூச்சை இழுத்தால்தான் மருந்து வெளிவரும். விமானப் பயிற்சியாளராக இருந்தபோது கற்ற புரொப்பெல்லர் அறிவு இந்த வடிவமைப்புக்கு உதவியது என்று அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. நோயாளி வேகமாக இழுக்க வேண்டும். கடுமையான இழுப்பில் இருப்பவரால் அது முடியாது. ஆனால் இது இழுப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் மருந்து என்பதால் பெரும்பாலோருக்கு அது தடையாகவில்லை. நாளுக்கு நான்கு வேளை எடுக்க வேண்டியிருந்ததுதான் பலருக்குச் சிரமமாக இருந்தது.

காலம் ஏன் கைகொடுத்தது?

1960-களில் இங்கிலாந்தில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. உடனடியாக மூச்சைத் திறக்கும் இன்ஹேலரை நோயாளிகள் அளவுக்கு மீறி அடித்துக்கொண்டதும், அதன் வீரியமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். தற்காலிக நிம்மதியை நம்பி, பலர் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தார்கள். அந்தச் சூழலில்தான், நோய் வருவதைத் தடுக்கும் மருந்து ஒன்று கைக்கு வந்தது. பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்பதால் மருத்துவர்கள் அதை வரவேற்றார்கள்.

பிறகு 1972-இல் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து வந்தது. அது மேலும் வலுவாக வேலை செய்தது. அதனால் ஆஸ்துமாவுக்குக் குரோமோகிளைக்கேட் கொடுப்பது படிப்படியாகக் குறைந்தது. இன்று ஒவ்வாமையால் கண் அரிப்பவர்களுக்குச் சொட்டு மருந்தாக அது பயன்படுகிறது. ஸ்பின்ஹேலரும் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் காப்ஸ்யூலைத் துளைத்துத் தூளை இழுக்கும் முறை இன்றும் வாழ்கிறது. புகைபிடித்தலாலும் புகை சூழ்ந்த இடங்களில் வேலை செய்ததாலும் நுரையீரல் அடைப்பு நோய் வந்த பெரியவர்கள் பலர், அதே முறையில் இயங்கும் கருவிகளில்தான் மருந்து எடுக்கிறார்கள்.

ரோஜர் அல்ட்டூனியன் 1987-ஆம் ஆண்டு, தமது 65-ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்டுச் சென்றது

அவர் கண்டுபிடித்த மருந்தைவிட வலுவான மருந்துகள் இன்று உள்ளன. ஆனால் அவர் எட்டு ஆண்டுகள் மூச்சுத் திணறி நிரூபித்த உண்மை மாறவில்லை. இழுப்பு இல்லாத நாளில் எடுக்கும் மருந்துதான் இழுப்பு வரும் நாளைக் குறைக்கிறது. மருத்துவர் தடுப்பு மருந்து என்று எழுதிக் கொடுத்தால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதை நாமாகவே நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதற்கு அந்த மருந்தே காரணமாக இருக்கலாம்.

அவருடைய இன்னொரு பாடம் கருவியைப் பற்றியது. சரியான மருந்தும் நுரையீரலுக்குப் போய்ச் சேராவிட்டால் வீண்தான். ஒவ்வோர் இன்ஹேலருக்கும் இழுக்கும் முறை வேறு. அழுத்தும் வகையை மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். தூள் வகையை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்து எடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் இன்ஹேலரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் முறை சரிதானா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ செய்து காட்டிக் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.